வலப்புறம் அமர்ந்த மேலாளர்

காரைக்குடியில் சாத்தப்பன் வீட்டு அமெரிக்கக் காரை இருபது ஆண்டுகளாக ஓட்டி வந்தவர் வயிரவன். ஒரு மழையில் வேப்பங்கிளை முறிந்து விழுந்து காரின் மேற்கூரை நசுங்கியது. இன்சூரன்ஸ் நிறுவனமோ, இறக்குமதி வண்டி என்பதை மறைத்ததால் பாலிசி தொடக்கம் முதலே செல்லாது என்று கடிதம் அனுப்பியது. பாலிசி போனால் வண்டியை விற்றுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். வண்டி போனால் வயிரவனின் வேலையும் போகும்.

அந்த நிறுவனத்தின் மேலாளர் ஞானப்பிரகாசம் நேரில் வந்தார். "பார்த்தா வெளிநாட்டு வண்டின்னு யாருக்குய்யா தெரியும்? எங்க ஆள ஏமாத்திட்டீங்க" என்றார்.

"இருக்கலாம் சார். மழை வருது, வண்டிய ஷெட்டுக்குள்ள விடணும். பாலிசி இல்லாத வண்டிய நான் தொடலாமா? பெரியவங்க நீங்கதான் விடணும்" என்றார் வயிரவன்.

மேலாளர் பெருமிதத்துடன் சாவியை வாங்கினார். வயிரவனைக் கண்டித்தபடியே வலப்புறக் கதவைத் திறந்து அமர்ந்தார். எதிரே ஸ்டியரிங் இல்லை. சாவி பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"அது இடப்பக்கம் இருக்கு சார்" என்றார் வயிரவன் பணிவாக. "உட்கார்ந்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. பாலிசி போட வந்த உங்க ஆள், தெருவையே ரெண்டு சுத்து ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு."

அருகில் நின்ற சாத்தப்பன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளர் மெல்ல இறங்கி, பாலிசி செல்லும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். பிறகு விடுவிடுவென நடந்து தம் காரின் இடப்புறக் கதவைத் திறந்தார்.

"சார், உங்க வண்டிக்கு அந்தப் பக்கம்" என்றார் வயிரவன்.