நிலக்கரி வண்டியும் சோற்றுக் கூடையும்

பலவேசம் ரயில்வேயில் கண்ட்ரோலர். எந்த வண்டி போகலாம், எது நிற்கவேண்டும் என்று திரையைப் பார்த்துச் சொல்கிற வேலை. ஓய்வுபெறப் போகிற வயது. அவருடைய குரு வடிவம்மைக்கு அவரைவிட வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு.

அன்று வடிவம்மையின் மடத்துக்கு வந்த பலவேசத்தின் முகம் வாடிக்கிடந்தது.

"அம்மா, நேத்து பாசஞ்சரை ஒரு பொட்டல் ஸ்டேஷன்ல நிறுத்திட்டு நிலக்கரி வண்டிகளை விட்டேன். பாசஞ்சர்ல என் மாமியார் இருந்திருக்காங்க."

"எவ்வளவு நேரம்?"

"அரை நாள். ஒரு டீக்கடைகூடக் கிடையாது. அதுலேருந்து என் வீட்டுக்காரி கோமதி எனக்கு மட்டும் சோறு போடலை. என் மேல தப்பில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, வீட்டுல போய்ச் சொல்லிப் பொழைச்சுக்குவேன்."

"தப்பில்லையா?"

"தண்டவாளம் ஒண்ணுதானேம்மா! நிலக்கரி போகலைன்னா நாளைக்குக் கரண்ட் இல்லை. ஆளுங்க கொஞ்சம் பொறுத்துக்கலாம்."

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றார் வடிவம்மை.

பலவேசத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார். இலையில் உப்பும் ஊறுகாயும் விழுந்தன. சமையலறை வாசலில் சோற்றுக் கூடை தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அரிசி லாரி வந்தது. வடிவம்மை கையைத் தூக்கினார். கூடை நின்றது. மூட்டைகள் பந்தியைக் கடந்து, அதே வாசல் வழியாக உள்ளே சாமான் வைக்கும் உக்கிராணத்துக்குப் போகத் தொடங்கின. கூடை ஓரெட்டு முன்னால் வரும். அடுத்த மூட்டையைக் கண்டதும் பின்னால் போகும். ஊரையே காக்கவைக்கிற மனிதர் உப்பைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மூட்டை அப்புறம் போகக் கூடாதா? மூட்டைக்கா பசிக்குது?"

"வாசல் ஒண்ணுதானே ஐயா. மூட்டை போகலைன்னா நாளைக்குச் சோறு இல்லை. ஆளுங்க கொஞ்சம் பொறுத்துக்கலாம்."

பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டார். பலவேசத்துக்கு அழுகையே வந்தது. கழுத்தை நீட்டி வாசலுக்குள் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

"உக்கிராணத்துக்குத் தெருப்பக்கம் அவ்வளவு பெரிய ஜன்னல் இருக்கே! கம்பிகூட இல்லை. லாரியை அங்கே நிறுத்தி, மூட்டையை நேரா உள்ளே தள்ளலாமே!"

லாரி அந்தப் பக்கம் போனது. சோறு வந்தது. பலவேசம் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"வீட்டுல என்னன்னு சொல்லட்டும் அம்மா?"

வடிவம்மை சிரித்தார்.

"இத்தனை வருஷமா இங்கேதான் சாப்பிடறீங்க. அந்த ஜன்னல் இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சா, ஐயா?"