சூரியனுக்கும் பூமிக்கும் இடையில்

"மேடம், இந்தக் கலம் எப்பதான் ஒரு இடத்துல நிலைச்சு நிக்கும்?" என்று கேட்டார் குலசேகரன்.

ஜெனிட்டா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் சுற்றுப்பாதைக் கணக்கில் குலசேகரனுக்கு ஆசிரியை அவர்தான்.

"நிக்காது சார்" என்றார்.

சூரியன் ஒரு பக்கமும் பூமி ஒரு பக்கமும் இழுக்க, நடுவே ஒரு வெற்றுப் புள்ளியைச் சுற்றிக்கொண்டிருந்தது அந்தச் சின்ன விண்கலம். அதன் இழுப்பு அவை இரண்டுக்கும் தெரியக்கூடத் தெரியாது. கொஞ்சம் விலகிவிட்டால் விலகல் தானாகவே வளரும். சூரியப் புயல் வருவதை முன்கூட்டிச் சொல்ல அவர்களிடம் வேறு கலம் கிடையாது.

பொறுப்பேற்றதிலிருந்து குலசேகரன் தினமும் அதன் பாதையைத் திருத்திக்கொண்டிருந்தார். எரிபொருளில் பாதி போய்விட்டது.

"தானா நிக்கிற இடமே இல்லையா?"

"இருக்கு. சூரியன், பூமி, கலம் மூணும் சமபக்க முக்கோணமா அமையற இடம்."

"நம்ம கலத்தை அங்க வச்சா என்ன?"

"பூமிக்கு வர்ற புயல் அந்த வழியா வராது சார்."

குலசேகரன் திரையைப் பார்த்தார்.

"இன்னிக்கு எவ்வளவு விலகியிருக்கு?" என்று ஜெனிட்டா கேட்டார்.

"நாலு கிலோமீட்டர். திருத்தக் கட்டளை தயாரா இருக்கு."

"நாம அளக்குறதுல பிழை எவ்வளவு வரும்?"

"ஏழெட்டு கிலோமீட்டர் வரும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது: விலகலைவிடப் பிழையே பெரிது.

"அப்ப நேத்து எதைத் திருத்துனீங்க?"

ஜெனிட்டா கட்டளையை அழித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்து வந்த நாட்களில் விலகல் எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. குலசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. கை தானாக விசைப்பலகைக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

"இப்ப அனுப்பலாமா மேடம்?"

"நீங்க சொல்லுங்க."

எண் இன்னும் பிழையின் எல்லைக்குள்தான் இருந்தது. குலசேகரன் காத்திருந்தார்.

ஒரு காலையில் எண் பிழையின் எல்லையைத் தாண்டியிருந்தது. மறுநாளும் அதே பக்கம்தான் வளர்ந்தது. சந்தேகமே இல்லை, கலம் நழுவிக்கொண்டிருந்தது.

"இப்ப" என்றார் குலசேகரன்.

ஜெனிட்டா தலையசைத்தார். ஒரே ஒரு சின்ன உந்தல். சில நாட்களில் பாதை மெல்ல வளைந்து திரும்பியது.

குலசேகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே விலகாதுல்ல?"

"விலகும்."

"அப்ப எப்பதான் மேடம் நான் நிம்மதியா உக்காருறது?"

"எரிபொருள் தீர்ந்ததும் உக்காரலாம் சார்."