அண்ணன் குடித்தான், நானும் குடித்தேன்

கோடையில் காட்டுக் குளங்கள் எல்லாம் வற்றிவிட்டன. ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருந்தது. மானும் பன்றியும் மயிலும் அங்கேதான் வந்தாக வேண்டும். செந்நாய்களுக்கும் அது தெரியும். அதனால் யாரும் அங்கே நிம்மதியாக ஒரு வாய் குடிக்க முடியவில்லை.

மருதி என்ற புள்ளிமானுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவன் துள்ளன். எங்கே போனாலும் ஓட்டம்தான். புதர்களை ஒரே தாவலில் தாண்டுவான். இளையவள் செம்பி. அவள் நாலு அடி நடப்பாள், நிற்பாள், மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்ப்பாள்.

மருதிக்கு அது பிடிக்கவில்லை.

“எதற்கடி நின்று நின்று வருகிறாய்? அண்ணனைப் பார்! எவ்வளவு சுறுசுறுப்பு!”

“காற்றில் ஏதோ வாசனை, அம்மா...”

“வாசனையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்! அவன் ஓடினால் ஓடு. அவன் நின்றால் நில். அவன் எப்படியோ நீயும் அப்படியே இரு!”

செம்பி அன்றிலிருந்து அண்ணனையே பார்த்தாள். அவன் தாவிய இடத்தில் தாவி, முழங்கால் தோலை உரித்துக்கொண்டாள். மூக்கு தானாக மேலே போகும், சட்டென்று இழுத்துக்கொள்வாள். படுத்தாலும் அவளுக்குக் கண் மூடாது. நாளைக்கு அண்ணன் என்ன செய்வானோ என்றே நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு காலை, மூவரும் குளத்துக்கு இறங்கினார்கள். துள்ளன் பாய்ந்துபோய்த் தண்ணீரில் வாய் வைத்தான். செம்பியின் மூக்கில் ஒரு வாடை ஏறியது. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் குடித்துக்கொண்டிருந்தான். அவளும் குனிந்து குடித்தாள்.

நாணல் பிளந்தது. செந்நாய்க் கூட்டம்!

“ஓடுங்கள்!” என்று மருதி அலறினாள்.

மூவரும் மேட்டை நோக்கிப் பறந்தார்கள். ஒரு நாய் துள்ளனின் பின்தொடையில் பல்லைப் பதித்தது. அவன் உதறிக்கொண்டு ஓடினான். நல்லவேளை, எதிரே காட்டெருமைக் கூட்டம் ஒன்று தண்ணீருக்கு இறங்கி வந்தது. அந்தக் கொம்புகளைப் பார்த்ததும் செந்நாய்கள் பின்வாங்கின.

மூங்கில் புதருக்குள் போய் விழுந்த பிறகு, மருதி மகனின் காயத்தை நக்கினாள்.

“அங்கே நாய் இருந்தது எனக்குத் தெரியும்” என்றாள் செம்பி மெதுவாக.

“தெரியுமா? தெரிந்துமா வாய் திறக்கவில்லை?”

“அண்ணன் குடித்தான், நானும் குடித்தேன். நீதானே அம்மா அப்படி இருக்கச் சொன்னாய்?”

மருதி மறுபடியும் மகனின் காயத்தை நக்கத் தொடங்கினாள்.

மறுநாள் தாகம் தாங்கவில்லை. மூவரும் மறுபடி குளத்துக்குக் கிளம்பினார்கள். வழியில் மருதி மகனைப் பார்த்து, “துள்ளா, இனி நீ தங்கையைப் போல இரு! அவள் மோந்தால் நீயும் மோந்து பார்!” என்றாள்.

துள்ளன் மூக்கைத் தூக்கினான். புழுதி ஏறித் தும்மினான். நொண்டிக்கொண்டே இடமும் வலமும் தவித்தான்.

“எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை, அம்மா! நிற்க நிற்கக் கால் பரபரக்கிறது!”

“அம்மா, நேற்று வரை என்னைப் படுத்தினாய், இன்று அவனையா?” என்றாள் செம்பி.

மருதி அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தப்புதான். துள்ளா, எந்தப் பக்கம் தாவித் தப்பலாம் என்று நீ பார்த்து வை. செம்பி, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்.”

செம்பி காற்றை மோந்தாள். “இப்போது வேண்டாம்! யாரோ இருக்கிறார்கள்!”

மூவரும் புதருக்குள் பதுங்கினார்கள். நாக்கு வறண்டது. கடைசியில் நாணலிலிருந்து ஒரு கிழட்டுப் பன்றி சேறும் சகதியுமாக எழுந்து போனது.

துள்ளன் விழுந்து விழுந்து சிரித்தான். செம்பியின் காதுகள் தொங்கிவிட்டன.

“பன்றியாக இருந்தால் என்ன?” என்றாள் மருதி. “உனக்குத் தோன்றியதை நீ சொன்னாய். நாளைக்கும் சொல்!”

செம்பி நிமிர்ந்தாள். இன்னொரு முறை நிதானமாக மோந்து பார்த்தாள்.

“இப்போது போகலாம்!” என்று சொல்லிவிட்டு, அவளே முன்னால் இறங்கினாள்.

ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையைப் போல ஆக்கப் பார்த்தால் இருவரையுமே இழக்க நேரிடும். அவரவரை அவரவராகவே வளரவிட வேண்டும்.