வண்டி நிற்க ஓர் இடம்

இசக்கியம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். அப்போது இசக்கிக்கு வயது முப்பத்தொன்பது, டீச்சருக்கு முப்பத்துமூன்று. வயதில் சின்னவராக இருந்தால் என்ன, இசக்கிக்கு அவர்தான் குரு. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து படித்தாள். இப்போது பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை யாரிடமும் கேட்பதில்லை.

தூத்துக்குடியில் உள்ள அந்த மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஜெசிந்தா டீச்சர் தலைமை ஆசிரியர். அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கும் மாரிச்செல்வியின் அம்மா இசக்கி. பெற்றோர்கள் சேர்ந்து அவளைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கி வைத்திருந்தார்கள். கூச்சத்தில் முதல் கூட்டத்தில் அவள் வாயே திறக்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் திறந்தே ஆகவேண்டியிருந்தது.

பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு தொகை கொடுத்திருந்தார்கள். குழு முடிவு செய்து செலவழிக்கலாம். டீச்சர்மார் ஒன்று கேட்டார்கள். பள்ளி இருப்பது ஒரு முடுக்குத் தெருவின் கடைசியில். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் தோள் இடிக்கும். வண்டி உள்ளே நுழையாது. ஆறு டீச்சர்மாரும் தெரு முக்கில், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிச் சுவரோரமாக வண்டியை வெயிலில் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடந்து வரவேண்டும். பள்ளிக்குப் பின்னால் பெரிய ரோடு. பின்சுவரை இடித்து ஒரு கேட் வைத்து, தகரக் கூரை போட்டுக் கொடுத்தால் வண்டியோடு நேராக உள்ளே வந்துவிடலாம்.

"ஏன், ஸ்கூட்டரா படிக்கப் போவுது?" என்றாள் சந்தனமாரி. அவளுக்கு இரண்டு பையன்கள் அங்கே படித்தார்கள். "பாத்ரூம் கதவு பாதிதான் இருக்கு. வண்டிக்கு வீடு கட்டுதாகளாம் வீடு."

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கியும் சிரித்துவிட்டாள். பிறகுதான் டீச்சர்மார் வரிசையாகத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் ரெண்டு நாள்ல சொல்லுதேன்" என்றாள். குழுவும் முடிவை அவளிடமே விட்டது.

எல்லோரும் போனதும் ஜெசிந்தா டீச்சரின் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், பிள்ளைகளுக்குன்னு வந்த காசு. அதை டீச்சர்மார் வண்டிக்குச் செலவழிக்கலாமா?"

"அந்தத் தகரத்துக்கு அடியில என் வண்டியும் நிக்கும்க்கா."

"நின்னா நிக்கட்டும். சரியா தப்பான்னு சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாது. நாளைக்கு ஒரு நாள் உப்பளத்துக்குப் போகாம இருக்க முடியுமா?"

"கூலி போயிருமே."

"போயிரும்."

டீச்சர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இசக்கிதான் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, "இருந்து என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"வழக்கம்போலக் கிளம்பிருங்க. வேன்ல மட்டும் ஏறாதீங்க. எட்டு மணிக்குத் தெய்வநாயகி டீச்சர் தெரு முக்குல வண்டியை விடுவாங்க. அவங்க கண்ணுல படாம பின்னாலேயே வாங்க."

"களவாணி மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

உப்பள வேன் கோழி கூவுமுன்னே வந்துவிடும். வீட்டுக்காரர் உப்பு லாரியோடு போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். மாரிச்செல்விக்காக ஒரு பழைய செல்போனில் அலாரம் வைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள் இசக்கி. "எம் பிள்ளை அலாரம் அடிச்சா பட்டாளத்துக்காரன் மாதிரி எந்திரிச்சிருவா" என்று உப்பளத்தில் அவள் பெருமை பேசாத நாள் இல்லை.

மறுநாள் விடியும் வரை கோயில் மண்டபத்தில் குத்தவைத்திருந்து, எட்டு மணிக்குக் கிட்டங்கிச் சுவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

தெய்வநாயகி டீச்சர் வந்தார். ஓய்வு பெற நாலு வருடம் இருக்கிறது. வண்டி சீட்டின் மேல் ஒரு சாக்கை விரித்தார். குனிந்து செருப்பு வாரைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். கணுக்காலுக்கு மேலே நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருந்தது. இசக்கிக்கு, பாவம் என்றிருந்தது.

முதல் வீட்டு வாசலில் டீச்சர் நின்றார்.

"ஏலே, ஓரேழு?"

"ஏழு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே ஒரு பையன் சட்டைப் பித்தானை மாட்டியபடி ஓடிவந்தான்.

அடுத்த வீடு. "ஈரேழு?"

"பதினாலு டீச்சர். பல் தேய்ச்சிட்டேன் டீச்சர்."

"வாயைக் காட்டு. பொய் சொல்லுத. போய்த் தேய்ச்சிட்டு வா, நிக்கேன்."

நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். பையன் வந்ததும் நடந்தார். மூவேழு, நாலேழு என்று வீடு வீடாக வாய்ப்பாடு நகர்ந்தது. பின்னால் பிள்ளைகள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். பாதி வீட்டில் பெரியவர்கள் கிடையாது. எல்லோரும் உப்பளத்தில்.

ஆறாவது வீடு இசக்கியின் வீடு.

"ஆறேழு?"

பதில் இல்லை.

"ஏட்டி மாரி, ஆறேழு?"

இசக்கி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை எப்போதோ எழுந்து குளித்திருப்பாள், பதில் சொல்லத்தான் வெட்கம் என்று நினைத்தாள்.

டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தெரியாத வீட்டுக்குள் போகிற மாதிரி இல்லை. சுவிட்ச் இருக்கும் இடம்கூடத் தெரிந்திருந்தது.

"அலாரம் அடிச்சுதா இல்லையா?"

"அடிச்சுது டீச்சர். அமத்திட்டேன்."

"தினம் அமத்து. எந்திரி ராசாத்தி, மணியாச்சு."

கொஞ்ச நேரத்தில் படியில் வந்து உட்கார்ந்தார் டீச்சர். முகம் கழுவிய ஈரத்தோடு மாரிச்செல்வி அவர் மடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். டீச்சர் சிக்கெடுத்து, வகிடெடுத்து, இரட்டைச் சடை பின்னினார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, "ஆறேழு நாப்பத்திரண்டு" என்றாள்.

மாலையில் அந்தச் சடையைத் தினமும் அவிழ்ப்பவள் இசக்கி. தானாகவே எவ்வளவு நேராக வகிடெடுக்கிறாள் பார் என்று எத்தனை நாள் முத்தம் கொடுத்திருக்கிறாள்! பிள்ளை ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா பெருமைப்படுகிறாளே, அதை எதற்குக் கெடுப்பானேன் என்று இருந்திருக்கும்.

வாய்ப்பாடு பள்ளி வாசலில் முடிந்தது. இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே ஜெசிந்தா டீச்சரின் அறைக்குப் போனாள்.

"எனக்குப் பதில் கிடைச்சிட்டு டீச்சர்."

"சொல்லுங்க."

"ஷெட் வேண்டாம். அந்த நோட்டை எடுங்க, வேண்டாம்னு நானே எழுதுதேன்."

ஜெசிந்தா டீச்சர் தீர்மான நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

"ஏன்னு கேக்கலாமா?"

"பின்னால கேட் வச்சா அவங்க ரோட்டு வழியா வண்டியில வந்திருவாங்க. தெருவுக்குள்ள ஏன் வரப்போறாங்க? எம் பிள்ளை தூங்கிக்கிட்டே கிடப்பா. எம் பிள்ளை மட்டுமா? அந்தத் தெருவுல பாதிப் பேரு வீட்லயே நின்னுருவாங்க."

"நின்னுரலாம்."

"அதான் சொல்லுதேன்."

இசக்கி பேனாவை நோட்டில் வைத்தாள். 'வே' என்று எழுதினாள்.

"அக்கா."

நிமிர்ந்தாள்.

"தெய்வநாயகி டீச்சர் எத்தனை தடவை சுவரைப் பிடிச்சாங்க?"

இசக்கி பேனாவை நோட்டிலிருந்து எடுத்தாள். வீட்டுக்கு வீடு பிடித்தார். அவள் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

"டாக்டர் நடக்கக் கூடாதுன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. டாக்டர் எழுதின சீட்டை என்னைத் தவிர யார்கிட்டயும் காட்டலை. மாறுதல் வாங்கிட்டுப் போயிருங்க டீச்சர்னு நானே சொன்னேன். பிள்ளைகள் தூங்கிருமேன்னாங்க."

வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது. இசக்கி எழுதின ஓர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து அந்த எழுத்து கலங்கித் தெரிந்தது.

"அப்போ எம் பிள்ளையை யாரு டீச்சர் எழுப்புவா?"

ஜெசிந்தா டீச்சர் எழுந்து வந்தார். எதிர் நாற்காலியை இழுத்து இசக்கியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அதை நாம ரெண்டு பேரும் உக்காந்து யோசிப்போம்க்கா. அவங்க கால் ரெண்டையும் நம்பி யோசிக்க வேண்டாம்."