வெளியே போட்ட பூட்டு

விளக்கு வைத்த பிறகு கல்லூரி அரங்கத்துப் பக்கம் ஒரு சத்தம். இரும்பு இரும்பை அரைப்பது போல, விட்டு விட்டு. விடுதிக் காப்பாளர் பிளாவியா தன் கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓடினாள்.

அரங்கக் கதவின் கைப்பிடிகளில் சங்கிலியைச் சுற்றி, தன் டிரங்குப் பெட்டியின் பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள் பெனிட்டா. இரண்டாம் ஆண்டு மாணவி. மூன்று வருஷத்துக்கு முன் புயலன்று கடலுக்குப் போன அவள் அப்பா திரும்பவில்லை.

மறுநாள் அந்த அரங்கத்தில் வாராவாரம் நடக்கும் வெள்ளிக்கிழமை விவாதம். புயல் எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போகிறவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் தரலாமா என்பது தலைப்பு. கூடாது என்று பேசப்போகிறவள் பெனிட்டாவின் அறைத்தோழி யமுனா.

விவாதம் நடந்தால் பெட்டியோடு ஊருக்குப் போய்விடுவேன், இனி படிக்க வரமாட்டேன் என்றாள் பெனிட்டா. சாவியைக் கேட்டதும் கையை மூடிக்கொண்டாள்.

பிளாவியா நேரே சிஸ்டர் எமரென்சியாவிடம் போனாள். அவளுக்கே இந்தக் கல்லூரியில் பாடம் சொன்னவர். வெள்ளிக்கிழமை விவாதத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

"தலைப்பை மாத்திடுங்க சிஸ்டர். பிள்ளை தாங்க மாட்டா."

"யமுனாகிட்ட என்ன சொல்ல?"

"பேசாதேன்னு..."

"பேச மாட்டா. ராத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டு அதையே நினைப்பா. பெனிட்டா பக்கத்துக் கட்டில்ல கிடப்பா."



காலையில் சிஸ்டர் பெனிட்டாவை அழைத்துக்கொண்டு கதவருகே வந்தார். பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்.

"நல்ல பூட்டு, மக்களே. ஆனா வெளியில போட்டிருக்க."

உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருப்பதைச் சொன்னார். பேச்சில் காயப்பட்டவள் எழுந்து அதைப் போடலாம். போட்டுவிட்டால், அவள் தன் பேச்சை முடிக்கும்வரை ஒருத்தியும் வெளியே போகக் கூடாது, காயப்படுத்திப் பேசினவளும்தான். விவாதம் தொடங்கிய முதல் நாளே வைத்த விதி. ஆனால் இதுவரை யாரும் போட்டதில்லை. காயப்பட்டவர்கள் எழுந்து வெளியேதான் போயிருக்கிறார்கள்.

"நானும் போயிட்டா?"

"போ. யாரும் மறிக்க மாட்டோம்."

பெனிட்டா சாவி இருந்த கையைத் திறந்து நீட்டினாள்.

அன்று விவாதத்தில் யமுனா சுற்றி வளைக்காமல் பேசினாள். தெரிந்தே சாகப் போகிறவனுக்காக ஊர் ஏன் அழ வேண்டும் என்று கேட்டாள். கடைசி வரிசையில் பெனிட்டா எழுந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. கதவைப் பார்த்து நடந்தாள்.

பிளாவியா பாதி எழுந்துவிட்டாள். "போறா சிஸ்டர். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

சிஸ்டர் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவ நடந்து முடிக்கட்டும்."

பெனிட்டா கதவைச் சாத்தினாள். துருவேறிய தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளினாள். இரும்பு இரும்பை அரைத்தது. கதவு தொய்ந்திருந்ததால் துளையில் சேரவில்லை. யாரும் அசையவில்லை. யமுனா மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கதவின் அடியில் கை கொடுத்துத் தூக்கினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.