தடுக்கியே விழாத ஜெயவீரன்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் அல்லிக்கோட்டையைத் திரிபுவனராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் யாராவது புகழ்ந்தால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். அவனுடைய ஆஸ்தானப் புலவர் வாகீசர். கூத்து வாத்தியார் பொன்னுரங்கத்துக்கு ஊர் கைதட்டினால் இவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ராஜா, "புலவரே, என்னைப் போலவே ஒரு வீரனை வைத்துக் கூத்து எழுதும்" என்றான். புலவர் எழுத்தில் ஜெயவீரன் பிறந்தான். அழகில் குறையில்லை, அறிவில் குறையில்லை, உடம்பில் ஒரு கீறல் கிடையாது. புலி அவனைக் கண்டதும் கும்பிட்டது. எதிரி ராஜா கத்தியைப் போட்டுவிட்டுப் பெண் கொடுத்தான்.

கூத்தில் ராஜா வேஷம் வந்ததும் 'நீர் யாரய்யா?' என்று மடக்கிக் கிண்டல் செய்யக் கட்டியங்காரன் ஒருவன் இருப்பான். "இப்பேர்ப்பட்டவனைக் கேலி செய்யவும் ஒருவனா?" என்று புலவர் அவனையும் கூத்திலிருந்து தூக்கிவிட்டார்.

அரண்மனை முற்றத்தில் பொன்னுரங்கமே ஜெயவீரனாக ஆடினார். பாதியிலேயே சனங்கள் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பாட்டில் பழுதில்லை மகாராஜா, ஆடினவன் கெடுத்துவிட்டான்," என்றார் புலவர்.

"அப்படியானால் இந்தக் கூத்தாடிகளை நாடு கடத்துங்கள்!"

மந்திரி சாத்தப்பர் எழுந்தார். "நாளைச் சாயங்காலம் இவர்களே இன்னொரு தடவை ஆடட்டும் மகாராஜா. நாளைக்கும் சனங்கள் எழுந்து போனால், நானும் இவர்களோடு நாட்டைவிட்டுப் போகிறேன்."

ராஜா சம்மதித்தான். மந்திரி வாத்தியாரைத் தனியே அழைத்தார். "கட்டியங்காரனைக் கூப்பிடும். ஜெயவீரனுக்கு ஒரு பயம் இருக்கட்டும். ஒரு தப்பும் செய்யட்டும்."

"ராஜா என் தலையை வாங்கிடுவாரே சாமி!"

"போவதானால் முதலில் என் தலை போகும், நீர் பயப்படாமல் ஆடும்."

மறுநாள் கட்டியங்காரன் மறித்தான். "நீர் யாரய்யா?"

"அஞ்சாநெஞ்சன் ஜெயவீரன்!"

"அப்படியா? கிரீடத்தில் பல்லி இருக்கே, அதுவும் உம்ம சேனையா?"

ஜெயவீரன் அலறித் துள்ளினான். முற்றமே சிரித்தது. ராஜாவுக்கும் பல்லி ஆகாது என்பது அரண்மனைக்கே தெரியும். அவையில் ஒருத்தரும் ராஜா பக்கம் திரும்பவில்லை.

அடுத்து ஜெயவீரன், 'எனக்கெதற்குத் துணை?' என்று வீம்பு பேசிக் காட்டுக்குத் தனியே போனான். வழி தவறி, களைத்து உட்கார்ந்தான். பின்னால் புலி பதுங்கி வந்தது. சனங்களில் ஒருவரும் அசையவில்லை.

"அடேய், பின்னால் பாரடா! புலி!"

கத்தியது ராஜா. சிம்மாசனத்தைவிட்டு எழுந்தே நின்றான்.

"நேற்றும் புலி வந்ததே, மகாராஜா ஏன் கத்தவில்லை?" என்று மெல்லக் கேட்டார் மந்திரி.

"நேற்று அவனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது?" என்ற ராஜா அப்படியே நின்றான்.

"சனங்களுக்கும் அப்படித்தான் மகாராஜா. எதுவும் ஆகாதவனுக்காக யார் பதறுவார்கள்?"

ராஜா சனங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எனக்கும் பல்லி என்றால் பயம்தான் ஐயா!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுச் சிரித்தான். பட்டம் கட்டிய நாள்முதல் விறைத்தே இருந்த தோள் அன்றுதான் இறங்கியது. முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கத்துக்குப் போட்டான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரைவிட்டுப் போகவேண்டாமே!

"புலவரே, உமக்கும் ஒன்று உண்டு. உம்முடைய கூத்தை நாளைக்கு நீர் ஒருவரே உட்கார்ந்து பார்க்கவேண்டும். கொட்டாவி விடக்கூடாது."

மறுநாள் புலி கும்பிடுவதற்குள் புலவர் குறட்டை விட்டுவிட்டார். கூத்தாடிகள் சத்தம் காட்டாமல் கிரீடங்களைக் கழற்றி வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.