நரி இருந்த வெள்ளிக்கிழமை நோன்பு

ஒரு காட்டில், மாதா கோவில் மணியோசை எட்டும் தூரத்தில், ஒரு நரி வாழ்ந்து வந்தது. மணியைக் கேட்டுக் கேட்டு அந்தக் காட்டு மிருகங்களும் தவக்காலம் அனுசரிக்கப் பழகிவிட்டன. வெள்ளிக்கிழமை வந்தால் எதுவும் இறைச்சியைத் தொடாது. மிருகங்களுக்கு எதற்கு நோன்பு என்று என்னைக் கேட்காதீர்கள் குழந்தைகளே. கேட்டால் நரி கோபித்துக்கொண்டு போய்விடும், கதை நின்றுவிடும்.

நரிக்கு ருசி கண்ட நாக்கு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அது யானையிடம் போய்க் கேட்டது.

"அண்ணே, மீனும் இறைச்சியில சேருமா?"

"சேராது. மீன் தின்னலாம். ஆனா நாக்கை அடக்கத்தான் இந்த நாளே" என்றது யானை.

"தின்னலாம்" என்ற சொல் காதில் விழுந்ததுமே நரி கிளம்பிவிட்டது. மிச்சத்தை அதன் வால்தான் கேட்டது.

அது கடும் கோடை. ஆறு வற்றி, ஒரே ஒரு மடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. ஆற்று மீன்கள் எல்லாம் அதில் ஒதுங்கியிருந்தன. மடுவின் கரையில் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. அந்த மீன்களை விட்டால் அவற்றுக்கு வேறு சாப்பாடு கிடையாது. வெயிலுக்கு மூன்றும் வளைக்குள் படுத்திருந்தன.

நரி மடுவில் இறங்கியது. கெண்டையைத் தின்றது, கெளுத்தியைத் தின்றது, விராலை விரட்டிப் பிடித்துத் தின்றது. மற்ற நாட்களில்கூட அது இப்படித் தின்றதில்லை. கடைசியில் கலங்கிய சேறுதான் மிஞ்சியது. நரி கரையேறி மருத மரத்தடியில் சாய்ந்தது. வயிறு வலித்தது. பிடித்துக்கொண்டு முனகியது.

வெயில் தாழ்ந்ததும் நீர்நாய் மடுவில் இறங்கித் துழாவியது. ஒரு மீனும் அகப்படவில்லை. சூட்டில் செத்துப் போயினவோ, கொக்குகள் கொத்திப் போயினவோ என்று கலங்கிக் கரையேறியபோது நரியின் முனகல் கேட்டது.

"என்ன அண்ணே, பசியில வயிறு காந்துதா?"

நரி சட்டென்று முகத்தைச் சுருக்கிக்கொண்டது. "ஆமா தங்கச்சி. காலையிலேருந்து ஒரு துண்டு இறைச்சி தொடலை."

சொன்னதில் பொய் இல்லை, பாருங்கள்.

நீர்நாய்க்கு மனம் இளகியது. வளைக்குள் போய், குட்டிகளுக்கென்று காலையில் எடுத்துவைத்திருந்த ஒரே ஒரு அயிரை மீனைக் கொண்டுவந்து நரியின் முன்னால் வைத்தது.

"மடுவுல இன்னிக்கு ஒண்ணும் கிடைக்கலை. இருக்கிறது இதுதான். நோன்பு இருக்கிறவங்க பட்டினி கிடக்கக் கூடாது, சாப்பிடுங்க."

நரியின் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத மீன். நரியால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கவும் முடியவில்லை.

பின்னாலேயே வந்த சின்னக் குட்டி மூக்கை உறிஞ்சியது. "அம்மா, மாமா வாயில கெண்டை வாசம் அடிக்குது."

"நோன்பு இருக்கிறவங்களை அப்படிச் சொல்லலாமா? மாமாகிட்ட மன்னிப்புக் கேளு" என்று நீர்நாய் அதட்டியது.

குட்டியின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. அது தலையைக் குனிந்து, "தெரியாம சொல்லிட்டேன் மாமா, மன்னிச்சிடுங்க" என்றது.

நரிக்கு உடம்பெல்லாம் கூசியது. மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

"நீ எதுக்குக் கேக்கிறே குட்டி? உங்க மீனையெல்லாம் தின்னது நான்தான். வயிறு வலிக்கிறது பசியில இல்லை, தின்ன கொழுப்புல" என்றது.

நீர்நாய் ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் நரி தாங்கியிருக்கும். நீர்நாய் அயிரையை எடுத்து, இரண்டாகக் கடித்துக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, வேறு மடு தேடிக் காய்ந்த மணலில் நடக்கத் தொடங்கியது.

"நானும் தேட வரேன் தங்கச்சி" என்று நரி பின்னால் ஓடியது.

சின்னக் குட்டி திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு, பாதி தின்ற மீனை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவின் மறுபக்கம் ஒதுங்கியது.

நரி அங்கேயே நின்றுவிட்டது.

நீதி: இல்லாதவர் வயிற்றில் அடித்து உண்டுவிட்டு, இறைச்சியை மட்டும் விலக்கினால் அது நோன்பு ஆகாது.